ஆடு கடித்த சவுக்கும் ஐம்பதாயிரம் ரூபாயும்

இந்த முறை ஒரே ஒரு கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் எழுதவேண்டியிருக்கிறது. நெல், மணிலா பற்றி வந்த கேள்விகள் அடுத்த இதழில் வரும். எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: எங்கள் சவுக்கு 1 ஏக்கர் 20 சென்ட். நட்டு நான்கு வருடமாகி, வெட்டுக்கு வந்துவிட்டது. வரப்போரம் நின்ற ஒரு கன்றை மட்டும் ஆடு கடித்துக் கடித்து முழங்கால் உயரத்திலேயே நின்றுபோனது. ஆனால் அடி என் மணிக்கட்டு கனம் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் என் மகள், “அதை வெட்ட வேண்டாம் அம்மா, போன்சாய் ஆக்கலாம். இது ஆஸ்திரேலியா மரம், அங்கே இப்படித்தான் வளர்க்கிறார்கள்” என்று செல்போனில் வீடியோ காட்டுகிறாள். இதற்கிடையில் உறவுக்காரர் ஒருவர் வந்து, 50,000 ரூபாய் கட்டினால் 25 சவுக்கு போன்சாய் கன்று தருவார்கள், இரண்டு வருடம் வளர்த்துக் கொடுத்தால் ஒன்று 6,000 ரூபாய்க்குத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்கிறார். சவுக்கு வெட்டும் பணத்தை அதில் போடலாம் என்பது என் வீட்டுக்காரர் எண்ணம். நீங்கள் சொன்னால் கேட்பார்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மரக்காணம் வட்டாரம்

பதில்: சகோதரி, மரத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் பணம். அந்த 50,000 ரூபாயைக் கொடுக்க வேண்டாம்.

கணக்கு போட்டுப் பாருங்கள். 25 கன்றுக்கு 50,000 என்றால் கன்று ஒன்று 2,000 ரூபாய். உங்கள் பக்கத்து நாற்றங்காலில் சவுக்கு நாற்று என்ன விலை என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதே நாற்றைப் பீங்கான் தொட்டியில் வைத்து, நாலு சுற்று கம்பி சுற்றிக் கொடுத்தால் அதற்குப் பெயர் போன்சாய் இல்லை, கம்பி சுற்றிய நாற்று. நாற்றிலிருந்து ஆரம்பித்தால் அடிமரம் தடிக்கவும், கொப்பு பிரியவும், வெட்டிய காயம் மூடவும் எட்டு, பத்து வருடம் ஆகும். இரண்டு வருடத்தில் 6,000 ரூபாய்க்கு எடுக்கிறேன் என்பவர் அதை யாரிடம் கொண்டுபோய் விற்பார்? நீங்கள் தோப்பில் வெட்டுகிற சவுக்குக்குக் காகித ஆலை இருக்கிறது, சாரத்துக்குக் கம்பு எடுக்கிற வியாபாரி இருக்கிறார். போன்சாய்க்கு மண்டி கிடையாது. ஆசைப்பட்டு வாங்குகிறவர் ஒருவர், இருவர் நகரத்தில் இருப்பார்கள். அவர்களும் மரத்தை நேரில் பார்த்து, அடியைத் தடவிப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

2012-ல் ஈரோடு பக்கம் ஈமு கோழியில் என்ன நடந்தது என்று வீட்டுக்காரருக்கு ஞாபகம் இருக்கும். அதுவும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததுதான். அந்தப் பறவை மீது ஒரு குற்றமும் இல்லை. குஞ்சும் நாங்களே தருகிறோம், திரும்ப வாங்குவதும் நாங்களே என்ற பேச்சில்தான் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பணம் போனது. நான் அப்போது கொங்குப் பக்கம் வேலையில் இருந்தேன். தீவனத்துக்கு வழியில்லாமல் பட்டியில் நின்ற பறவைகளைப் பார்த்திருக்கிறேன். நகையை வைத்துக் கட்டியவர்களுக்கு நான் சொல்ல ஒரு வார்த்தையும் இல்லை.

உறவுக்காரரிடம் முகம் முறிக்க வேண்டாம். இதுவரை யாரிடம் திரும்ப வாங்கியிருக்கிறார்கள், அந்த ஊருக்குப் போய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள். கன்று பட்டுப்போனால் நஷ்டம் யாருடையது என்றும் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள்.

இனி உங்கள் மகள் பார்த்த அந்த ஒற்றைக் கன்று. மகள் சொல்வது சரிதான். சவுக்கு வடக்கு, கிழக்கு ஆஸ்திரேலியாவின் கடற்கரை மரம். தென்கிழக்கு ஆசியாவிலும் பசிபிக் தீவுகளிலும் தானாக வளர்கிறது. சென்னை மாகாணக் கரையில் 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்காகப் பெரிய அளவில் நட்டார்கள். அப்போது ரயில் இன்ஜினுக்கே விறகு தேவைப்பட்டது. இத்தனை தலைமுறை ஆனதில் அதற்கு ‘நாட்டுச் சவுக்கு’ என்றே பெயர் வைத்துவிட்டோம். ‘கேசுவரினா’ என்ற தாவரப் பெயர், காசோவரி என்ற பறவையின் இறகுபோல மிளார் தொங்குவதால் வந்தது. அதுவும் ஈமு மாதிரி பறக்காத பறவைதான். ஆனால் யாரும் அதை வைத்துத் திட்டம் போட்டதாகத் தெரியவில்லை.

ஆஸ்திரேலியாவில் போன்சாய்க்காரர்கள் நிறையப் பேர் உண்டு. தலைநகர் கான்பெராவில், தேசிய மரப்பூங்காவுக்குள் போன்சாய்க்கென்றே தனிக் காட்சி இருக்கிறது. ஜப்பான் பைனோடு அந்த நாட்டு அத்தி, பேங்சியா போன்றவையும் அங்கே சட்டிக்குள் நிற்கின்றன. இந்தக் கலையை ஜப்பானியப் புத்தகங்கள் வழியாகக் கற்ற காலத்தில் அவர்கள் சொந்த நாட்டு மரத்தையும் பைன் மாதிரியே வெட்டினார்கள். கொப்புக்குக் கொப்பு தட்டுத் தட்டாக, மேகம் அடுக்கியதுபோல. சவுக்கின் இலை பைன் ஊசிபோலத் தெரிவதால் அந்த ஆசை இன்னும் கூடுதல். பிறகுதான் பலர், நம் மரம் கரையில் எப்படி நிற்கிறதோ அப்படியே சட்டியிலும் நிற்கட்டும் என்று மாற்றிக்கொண்டார்கள். எனக்கும் இதுதான் சரி என்று படுகிறது. வீடியோவில் வருகிற தட்டு வடிவத்தை மகள் விரும்பினால் செய்யட்டும். ஆனால் ஒருமுறை உங்கள் ஊர்க் கரைக்கு அழைத்துப் போய், கடலுக்கு முதல் வரிசையில் நிற்கும் சவுக்கைக் காட்டுங்கள்.

அந்த முதல் வரிசை மரத்தில் கடல் பக்கம் கொப்பு இருக்காது. உப்புக் காற்று துளிரைக் கருக்கிவிடும். தண்டு கரைப் பக்கமாகச் சாய்ந்து, கொப்பெல்லாம் ஊர்ப் பக்கமே போகும். அலை மணலை அரித்த இடத்தில் வேர் விரல் விரித்தாற்போல வெளியே தெரியும். குவீன்ஸ்லாந்து கடற்கரையில் நிற்பதும் இந்தக் கோலத்தில்தான். 2011 டிசம்பரில் தானே புயல் போன பிறகு, கடலூர்ப் பக்கம் படுத்துக் கிடந்த ஒரு சவுக்கைப் பார்த்தேன். ஒரு பக்க வேர் மண்ணில் இருந்ததால் உயிர் இருந்தது. அடுத்த ஆண்டு போனபோது, படுத்த தண்டின் மேல்பக்கக் கொப்புகள் தனித்தனி மரம்போல நேராக எழுந்து நின்றன. அதுவும் ஒரு வடிவம்தான். எந்தப் பக்கம் காற்று, எந்தப் பக்கம் வெளிச்சம் என்று மரமே எழுதிவைத்திருக்கிறது, அதைப் பார்த்துக் கொப்பை விடலாம், எடுக்கலாம்.

உங்கள் கன்றுக்கு ஆடு ஏற்கெனவே பாதி வேலையைச் செய்துவிட்டது. நுனி போகப் போக அடி தடித்திருக்கிறது. நாற்றிலிருந்து ஆரம்பிக்கிறவர் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டியது உங்களுக்கு வரப்பிலேயே கிடைத்துவிட்டது. எடுப்பதற்கு முன் பட்டையைக் கொஞ்சம் கவனியுங்கள். பட்டை உப்பி, வெடித்து, உள்ளே கரித்தூள் மாதிரி இருந்தால் அது கொப்புள நோய். அப்படி இருந்தால் ஆசையை விட்டுவிடுங்கள். பட்டை மேல் சக்கையும் நூலாம்படையும் சேர்ந்து வரிவரியாக ஒட்டியிருந்தால் பட்டை தின்னும் புழு உள்ளே இருக்கிறது. துடைத்துவிட்டு, துளைக்குள் கம்பி விட்டு எடுத்துவிடலாம்.

தோப்பை வெட்ட வருகிறவர்களிடம் முன்னாலேயே சொல்லி, அந்தக் கன்றில் ஒரு சிவப்புத் துணி கட்டிவையுங்கள். வெட்டுகிற வேகத்தில் அதையும் ஒரே போடு போட்டுவிடுவார்கள்.

உடனே தோண்டி எடுக்க வேண்டாம். தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஆவணியில் பாதி வட்டத்துக்கு மட்டும் ஓரடி ஆழம் பள்ளம் பறித்து, குறுக்கே வரும் வேரைக் கூரான கத்தியால் வெட்டி, மணலும் மக்கிய எருவும் போட்டு மூடுங்கள். மறு பாதியை ஐப்பசி மழை பிடிப்பதற்குள் செய்யலாம். மழைக்காலம் முழுக்க அந்த மணலுக்குள் மயிர்வேர் ஓடும். பள்ளத்தில் தண்ணீர் தேங்காமல் மண்ணை மேடாக அணைத்துவிடுங்கள். பனி குறைந்து வெயில் ஏற ஆரம்பிக்கிற மாசியில், மண் கட்டி உடையாமல் சாக்கில் சுற்றித் தூக்குங்கள்.

இங்கே மகளிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்திரேலிய வீடியோவில் நவம்பர், டிசம்பரில் வேர் வெட்டு, தொட்டி மாற்று என்பார்கள். அவர்களுக்கு அது வெயில் தொடங்குகிற பருவம். நமக்கு நவம்பர் என்றால் அடைமழையும் புயலும். மாதப் பெயரைப் பார்க்காமல், செடி புதுத் துளிர் விடுகிற, கதகதப்பான பருவம் எது என்று பார்க்க வேண்டும்.

முதல் இரண்டு வருடம் அழகுத் தொட்டி வேண்டாம். அடியில் துளை போட்ட பழைய பெயிண்ட் வாளியோ அகலமான மண்தொட்டியோ போதும். பருமணல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. மணல் கிடைக்காவிட்டால் செங்கலை உடைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். தோப்பு மண்ணிலும் இரண்டு கை அள்ளிப் போடுங்கள். சவுக்கு வேரில் முண்டு முண்டாக இருக்குமே, அதற்குள் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் இருந்து காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. மண் மொத்தமும் கழுவிவிட்டுப் புது மண்ணில் வைத்தால் அந்தத் துணையும் போய்விடும். அந்தத் துணை இருப்பதால் யூரியா பக்கமே போக வேண்டாம். செடி நன்றாகப் பிடித்த பிறகு, கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீரை நன்றாக நீர்க்கவிட்டு மாதம் ஒருமுறை ஊற்றினால் போதும்.

தண்ணீர் விஷயத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறோம். தோப்பில் சவுக்கு காய்ச்சலைத் தாங்குகிறது, அதனால் சட்டியிலும் தாங்கும் என்று நினைப்பு. தோப்பில் வேர் ஆழம் போய்க் குடிக்கிறது, சட்டியில் அதற்கு எங்கே போக இடம்? மற்றச் செடி வாடினால் இலை தொங்கும், நமக்குத் தெரியும். சவுக்குக்கு மிளார் எப்போதுமே தொங்கல்தான், அதனால் வாடியது கண்ணுக்குத் தெரியாது. பழுப்பாகத் தெரியும்போது காரியம் முடிந்திருக்கும். என் முதல் சவுக்கு அப்படித்தான் போனது. ஆறு வருடம் வளர்த்தது. சித்திரையில் நாலு நாள் பயிற்சிக்கு வெளியூர் போனேன், வீட்டில் சொல்லிவிட்டுப் போக மறந்தேன். திரும்பி வந்தபோது பச்சையாகத்தான் இருந்தது. ‘பரவாயில்லை’ என்று தண்ணீர் ஊற்றினேன். பத்தாம் நாள் கையால் தொட்டதும் மிளார் உதிர்ந்தது. எனவே தினம் ஒரு தண்ணீர், கோடையில் இரண்டு. அக்னி நட்சத்திரத்தில் தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து ஒரு விரற்கடை தண்ணீர் நிறுத்தினாலும் சவுக்கு கோபித்துக்கொள்ளாது. வெயில் நாள் முழுக்க வேண்டும். திண்ணை நிழலில் வைத்தால் நூல் நூலாக நீண்டுவிடும்.

வடிவம் கொடுப்பது தொட்டியில் செடி நன்றாகத் துளிர்த்த பிறகுதான், அதாவது அடுத்த ஆடிக்கு மேல். மேல் தண்டை எங்கே நிறுத்துவது என்பது முதல் முடிவு. அடியிலிருந்து மேலே போகப் போகத் தண்டு மெலிய வேண்டும். அதற்கு, தடித்த தண்டை ஒரு சின்னப் பக்கக் கொப்புக்கு மேல் சாய்வாக வெட்டி, அந்தக் கொப்பையே புது நுனியாக நிமிர்த்த வேண்டும். அது ஓரளவு தடித்ததும் மறுபடி அதேபோல் வெட்டு. வளரவிட்டு வெட்டுவது, வளரவிட்டு வெட்டுவது. ஆடு செய்ததும் இதுதான், ஆனால் அது யோசித்துச் செய்யவில்லை.

ஒரு எச்சரிக்கை. நாட்டுச் சவுக்கை அடியோடு வெட்டினால் மறுதழைவு சரியாக வராது என்பது தோப்பு வைத்தவர்களுக்குத் தெரிந்ததுதான். கொப்புக்கும் அதே கதை. ஒரு கொப்பில் பச்சை கொஞ்சமும் இல்லாமல் மொட்டையாக வெட்டினால், பெரும்பாலும் அந்தக் கொப்பு காய்ந்துவிடும். வைத்துக்கொள்ள நினைக்கும் ஒவ்வொரு கொப்பிலும் ஒரு கொத்துப் பச்சையை விட்டே வெட்டுங்கள். செடி தெம்பாக இருந்தால் பின்னால் பழைய பட்டையிலிருந்தே புது மொட்டு வரும், அது வந்த பிறகு முன்பக்கத்தைக் குறைக்கலாம். உங்கள் தோப்பு ஜுங்குனியானா எனப்படும் இந்தோனேசியச் சவுக்காகவோ அதன் ஒட்டு ரகமாகவோ இருந்தால் கொஞ்சம் தைரியமாக வெட்டலாம், அந்த இனம் நன்றாகத் தழையும். அது ஆஸ்திரேலியா மரம் இல்லை என்று மட்டும் மகளிடம் சொல்லிவிடுங்கள். நாற்று வாங்கிய ரசீதில் ரகம் எழுதியிருக்கும்.

வளைப்பதற்கு அலுமினியக் கம்பி நல்லது. கொப்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கனம் போதும். தண்டில் ஒரு சுற்று பிடிப்பு கொடுத்துவிட்டு, சாய்வாக, இறுக்காமல், இடைவெளி விட்டுச் சுற்ற வேண்டும். வளைக்கும்போது வளைவின் வெளிப்பக்கத்தில் கம்பி வரும்படி பாருங்கள். சவுக்கின் இளங்கொப்பு சொன்னபடி கேட்கும். முற்றிய கொப்பு சொல்லாமல் கொள்ளாமல் படக்கென்று ஒடியும். விரல் கனத்துக்கு மேல் போய்விட்டதை வளைக்கப் போராடாமல், வெட்டிப் புதுத் துளிரை வளர்ப்பதே மேல். இது வேகமாகத் தடிக்கிற மரம் என்பதால் மழைக்காலத்தில் ஒரு மாதத்திலேயே கம்பி பட்டைக்குள் கடிக்க ஆரம்பிக்கும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை பாருங்கள். எடுக்கும்போது திருகிச் சுழற்றாமல், கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். கம்பித் தழும்பு விழுந்த மரத்தைப் பார்த்தால் புரி போட்ட கயிறுபோல இருக்கும், அது மறைய வருடங்கள் ஆகும்.

மிளார் கொத்தைக் கத்தரிக்கோலால் வேலி கத்தரிப்பதுபோல வெட்டாதீர்கள். வெட்டின நுனியெல்லாம் பழுத்து, செடி பூராவும் தீய்ந்ததுபோலத் தெரியும். நாம் இலை என்று சொல்வது உண்மையில் இலை இல்லை, பச்சைக் குச்சி. இலை என்பது அதன் கணுவைச் சுற்றி இருக்கும் பொடிப் பல் போன்ற செதில்தான். சின்ன வயதில் எல்லோரும் அந்தக் குச்சியைக் கணுவில் பிரித்து, மறுபடி ஒட்டவைத்து, ‘எங்கே பிரிச்சேன் சொல்லு’ என்று விளையாடியிருப்போம். அதே கணுவில் விரலால் இழுத்துக் கிள்ளினால் பழுப்பு வராது. கொப்புக்கு அடியில் தொங்குவதை எடுத்துவிட்டு, உள்ளே வெளிச்சம் போகும்படி கலைத்துவிடுங்கள். மீதி தொங்கட்டும். காற்றுக்கு அசைந்தால்தான் அது சவுக்கு.

இதையெல்லாம் செய்து, பார்க்கிறவர் ‘இது கரையில் நின்ற மரம்’ என்று சொல்கிற நிலைக்கு வர, உங்கள் கன்றுக்கு ஐந்து, ஆறு வருடம் ஆகலாம். மகள் படிப்பு முடித்து வேலைக்குப் போயிருப்பாள், தண்ணீர் ஊற்றப்போவது நீங்கள்தான். அதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். செலவு என்று பார்த்தால் கம்பிக்கும் எருவுக்கும் சில நூறு ரூபாய். இரண்டு, மூன்று கன்று கூடுதலாகக் கிடைத்தால் எடுத்துவையுங்கள், ஒன்று போனாலும் ஒன்று நிற்கும். சவுக்கு வெட்டும் பணத்துக்கு அடுத்த நடவும், மகள் கல்லூரிக் கட்டணமும் காத்திருக்கும் என்று நினைக்கிறேன். இந்தப் பக்கத்தை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் உறவுக்காரரின் காகிதங்களோடு அவரை உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள்.

கேள்வி: தைல மரம், பாட்டில் பிரஷ் இவற்றையும் போன்சாய் செய்யலாமா?

– வாசகர், ஏற்காடு

பதில்: இரண்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவைதான். பாட்டில் பிரஷ் செய்யலாம், சுலபம். வெட்டினால் நன்றாகத் தழையும், தண்ணீரும் அதற்குப் பிடிக்கும். பூத்து முடிந்த உடனே பூவுக்குக் கீழே வெட்டினால் அடுத்த பூவுக்குக் கொப்பு கிடைக்கும். தாமதித்து வெட்டினால் வரப்போகிற பூவும் சேர்ந்து போய்விடும். தைல மரத்துக்கு இலை பெரிது, வளர்த்தியும் அவசரம். சட்டிக்குள் அடக்கிவைப்பது பழகிய கைக்கே சிரமம். உங்கள் மலையில் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக்கும் அந்த நாட்டு மரமே. அதன் இலை போன்சாய்க்கு ஒத்துவராது. அது காப்பிக்கு நிழல் கொடுத்து, மிளகைச் சுமந்து நிற்கட்டும்.